பச்சைக்காய் தின்னாத வீடு

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்காரும்போது நம் பேச்சில் முக்கால்வாசி வயிற்றைப் பற்றித்தான் இருக்கிறது. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குக் கொழுப்பு, இன்னொருவருக்கு இரண்டும். டாக்டர்கள் எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல நம் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள்: சோற்றைக் குறை, பச்சைக்காய் சாப்பிடு. நீங்கள் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கேரட்டை மெல்லுகிறீர்கள். நான் மட்டும் டப்பாவைத் திறந்து வெள்ளரி, முள்ளங்கி, மாங்காய், ஊறின பாசிப்பருப்பு என்று அள்ளி அள்ளித் தின்கிறேன். இவளுக்கு மட்டும் எப்படி இறங்குகிறது என்று போன வாரம் கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் என் குரல் என் பேச்சைக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இதே திருமுல்லைவாயிலில் பிறந்து வளர்ந்தவள் என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். நம் அடுக்ககத்தின் பின்பக்க பிளாக் நிற்கிற இடத்தில் எங்கள் தோட்டம் இருந்தது. தண்ணீர் லாரி வந்து நிற்கிறதே, அங்கே ஒரு குட்டை. நீங்கள் எல்லோரும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்காக வந்து இங்கே வீடு வாங்கினவர்கள். நான் எங்கள் வெண்டைக்காய்ப் பாத்தி இருந்த இடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன்.

எங்கள் வீடு காய்கறி விளைவித்த வீடு. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. முள்ளங்கி, வெண்டை, கத்தரி, தக்காளி, கோடையில் வெள்ளரி. பெரியப்பாதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பாவும் சித்தப்பாவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆளுக்கொரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போனார்கள். விடிகிற நேரத்தில் பெரியம்மாவும் அம்மாவும் காயைப் பறித்து, குட்டையில் அலசி, கூடையில் அடுக்கித் தருவார்கள். பெரியப்பா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போவார்.

கிணறு இல்லாமல் இல்லை. ஆனால் கோடையில் அதில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும், பம்புசெட் இறைப்பது செடிக்கே போதாது. அதனால் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். மண் ஒட்டின முள்ளங்கியைக் குட்டையில் இரண்டு முக்கு முக்கி எடுத்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும், மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் விட்டுப் போக மாட்டார்கள். அதே குட்டையில்தான் எருமைகள் படுத்துக் கிடக்கும். புதிதாக வந்த வீடுகளின் சாக்கடையும் மெல்ல மெல்ல அதில்தான் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வாங்கிப் போகிறவர்கள் எப்படியும் கொதிக்கவைத்துத்தானே தின்னப்போகிறார்கள் என்பது எங்களவர்களின் நியாயம்.

இவ்வளவு விளைந்தும், ஒரு துண்டு காயைக்கூட எங்கள் வீட்டில் பச்சையாகத் தின்னக் கூடாது. அது பெரியம்மாவின் சட்டம். வதக்காத வெங்காயம் தட்டுக்கு வராது. வெள்ளரிக்காயைப் பருப்போடு போட்டு, அது கரைந்து காணாமல் போகும்வரை வேகவைப்பார்கள். முள்ளங்கி சாம்பாரில் முள்ளங்கியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் தடவின மாங்காய்க் கீற்றை என் வகுப்புப் பெண்கள் உறிஞ்சித் தின்னும்போது நான் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்பேன். காசு இருந்தும் வாங்க மாட்டேன். பெரியம்மாவுக்கு எப்படியாவது தெரிந்துவிடும் என்று பயம்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. பெரியம்மாவுக்கு ஒரு மகன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே, ஐந்து வயதில், ஒரு கோடையில் வாந்திபேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். பச்சை வெள்ளரிக்காய் தின்றான், அதுதான் என்று வீட்டில் சொல்வார்கள். யார் கொடுத்தது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்கப்புறம் பெரியம்மாவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அம்மாவுக்கும் நான் ஒருத்திதான். அந்தப் பெரிய வீட்டுக்கே நான் ஒரு பிள்ளை.

எனக்குத் தலை பின்னிவிடுவது பெரியம்மா. சோறு போடுவது பெரியம்மா. காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் பெரியம்மாதான். அம்மா ஓரமாக நிற்பாள். என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்றாலும் பெரியம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் தூக்குவாள். பெரியம்மா ஒன்று சொன்னால் அம்மா ‘சரிக்கா’ என்பாள், அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவளுக்கு என்மேல் பிரியம் குறைச்சல் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் என் அறிவு அவ்வளவுதான்.

அந்த வருஷம் தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்தி ஓசூர்ப் பக்கம். அவளுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சித்தி வந்த மூன்றாம் நாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு காய் இருக்கிறதே, நீங்கள் கோசம்பரி பண்ண மாட்டீர்களா என்று பெரியம்மாவிடம் கேட்டாள். அது என்ன என்று பெரியம்மா கேட்டார்கள். ஊறின பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயைப் பச்சையாகத் துருவிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிவது என்று சித்தி சொல்ல ஆரம்பித்ததுமே பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. ஆடு மாடு தின்பதையெல்லாம் இந்த வீட்டில் மனுஷர் தின்பதில்லை, இனிமேல் அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள்.

மகன் இறந்த கதையை யாரும் சித்தியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள். எங்கள் வீட்டில் முக்கியமான விஷயம் எதையும் வாயால் சொல்ல மாட்டார்கள். வந்தவர்களாகப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

சித்தி புரிந்துகொள்ளவில்லை. கேலிக்குப் பயப்படாத பெண் அவள். முழுப் பரீட்சை லீவு விட்டதும் மதியச் சாப்பாடு முடிந்து பெரியம்மா கண்ணயரும் நேரம் பார்த்து, பின்கட்டில் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டாள். நீல விளிம்பு போட்ட ஒரு எனாமல் கிண்ணம், தகரத் துருவி ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னக் கத்தி. அந்த எனாமல் கிண்ணத்தைப் போல ஒன்றை நான் எவ்வளவோ கடைகளில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. காலையில் அடுப்பு காலியாக இருக்கும்போதே ஒரு செம்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்திருப்பாள். தோட்டத்திலிருந்து நேராகப் பறித்துவந்த பிஞ்சு வெள்ளரியை அந்தத் தண்ணீரில் ஒருமுறைக்கு இரண்டுமுறை கழுவுவாள். மார்க்கெட் கூடைக்குப் போகிற காயை அவள் தொட்டதே இல்லை.

முதல் வாய் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடித்ததும் மண்டைக்குள் சத்தம் கேட்டது. அதுவரை நான் தின்ற காய்கள் எதுவும் சத்தம் போட்டதில்லை. வெள்ளரியின் குளிர்ச்சி, மாங்காயின் புளிப்பு, பச்சைமிளகாய் எங்கோ ஒளிந்திருந்து நாக்கைச் சுண்டியது, தேங்காய்ப்பூ வந்து அதைத் தடவிக்கொடுத்தது. இதையா இத்தனை நாள் வேகவைத்துக் கொன்றுகொண்டிருந்தோம் என்று தோன்றியது. உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலிலேயே போட்டால் காய் அழுதுவிடும் என்று சித்தி சொன்னாள். கிண்ணத்தின் அடியில் தேங்கின எலுமிச்சைத் தண்ணீரை யார் குடிப்பது என்று எங்களுக்குள் போட்டி. பெரும்பாலும் விட்டுக்கொடுத்தவள் அவள்தான்.

அதற்கப்புறம் தினமும் ஒன்று. ஒருநாள் தக்காளியும் வெங்காயமும். ஒருநாள் முள்ளங்கியைத் துருவித் தயிரில் போட்டது. ஒருநாள் கேரட், அதில் கடுகு தாளித்துக் கொட்டியிருந்தாள், வாசனை வெளியே போய்விடுமோ என்று நான் கதவை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன், என்னுடையது இல்லை, சித்தியின் முந்தானை. அந்தக் கோடையில் எனக்கு வேர்க்குரு வரவில்லை, வயிற்று வலி வரவில்லை, இதெல்லாம் இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

ஒரு மதியம் அம்மா கதவைத் திறந்துவிட்டாள். கிண்ணத்தைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, வேணாம் வேணாம் என்று மட்டும் சொன்னாள். கை நடுங்கியது. சித்தி என்னக்கா ஆச்சு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டாள். பெரியம்மாவிடம் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரு வெள்ளரித் துண்டுக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கடித்துத் தின்கிற ருசி வந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. கத்தரி வெயில் நாள் ஒன்றில், காலையிலேயே பெரியம்மாவோடு குட்டைக்குப் போனேன். அவர்களும் அம்மாவும் முள்ளங்கியை அலசிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாக, ஈரமாக, மதியம் சித்தி தருகிறதைப் போலவே இருந்தது. அவர்கள் கூடை எடுக்கத் திரும்பின நேரம் இரண்டை எடுத்துப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போய்த் தின்றேன். கொஞ்சம் சேற்று வாடை அடித்தது. அதையும் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் விடியும்போதே எனக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டது. வயிற்றில் இருந்ததெல்லாம் போய், ஒன்றும் இல்லாததும் போயிற்று. பெரியப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார், அங்கிருந்து ஆட்டோவில் அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம். கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். பெரியம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை என்று எனக்கு அப்போதே ஏதோ தெரிந்தது.

டாக்டரம்மா முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றி. கிணற்றுத் தண்ணீர்தான், வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை என்று பெரியம்மா சொன்னார்கள். அப்படியானால் என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டார். பெரியம்மா என் முகத்துக்குக் கிட்டே குனிந்தார்கள். “இன்னா தின்ன? பயப்படாத சொல்லு.”

எனக்கு முள்ளங்கி ஞாபகம் வராமல் இல்லை. முதலில் வந்ததே அதுதான். ஆனால் அது நான் திருடித் தின்றது. சித்தி கொடுத்தது என்றால் குற்றம் கொடுத்தவளுடையது. இதை யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. சித்தி வெள்ளரிக்காய் கொடுத்தாள், தினமும் கொடுப்பாள் என்று சொன்னேன்.

கழுவாமல் பச்சையாகத் தின்றால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டரம்மா. அதில் ‘கழுவாமல்’ என்பது பெரியம்மாவின் காதில் ஏறவேயில்லை. பச்சையாகத் தின்றால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்பதுதான் வீடு வந்து சேர்ந்த செய்தி.

அன்றைக்கு மாலையே பெரியப்பா ஓசூருக்குக் கார்டு எழுதினார். பெண்ணை வந்து கொஞ்ச நாள் அழைத்துப் போகவும் என்று ஒரே வரி. அந்தக் கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அப்போது எல்லாப் பெண் வீட்டாருக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிக் கொஞ்ச நாளுக்கு வந்த ஒரு அக்கா, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். சித்தி தான் கொதித்த தண்ணீரில் கழுவியதைச் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. சித்தப்பாவுக்கு வாயில் கொழுக்கட்டை. அண்ணன் தூக்கி வளர்த்த பிள்ளை அவர், அண்ணி கிழித்த கோட்டைத் தாண்டிப் பழக்கமில்லை. ஷிப்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார்.

நான் கூடத்தில் பாயில் கிடந்தேன். பெரியம்மா கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் சித்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. “நான் குடுத்தது இல்லாம வேற ஏதாவது சாப்ட்டியா கண்ணு? யோசிச்சுச் சொல்லு.” குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த சில நாட்கள் எனக்கு வயிறு சரியாகிக்கொண்டே வந்தது, மற்றதெல்லாம் மோசமாகிக்கொண்டே வந்தது. சித்தி என்னால்தான் போகப்போகிறாள் என்பது தெரிந்து, அதைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும் என்பதும் தெரிந்து, அதை விழுங்கிக்கொண்டே கஞ்சி குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சித்தியின் அப்பா வந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை நிறைய நூல்கோல். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தி டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். அப்பாவும் பெரியப்பாவும் தூணோரம் நின்றார்கள். சித்தப்பா வாசற்படியில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் மெல்லிய குரலில் பேசினார். பெண் தெரியாமல் செய்திருப்பாள், சின்னவள், சொல்லித் திருத்திக்கொள்ளலாமே என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா சத்தம் போடவில்லை.

“இந்த ஊட்டுக்கு வந்த ஒருத்தி வெள்ளரிக்கா குடுத்துதான் எம் புள்ள போனான். அவகூட பதினோரு வருசமா ஒரே ஊட்ல இருந்துகினு கீறேன். இன்னொருத்தியோட இருக்க எனக்குத் தெம்பு இல்லீங்க.”

அந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள் மொத்தமே மூன்று பேர். ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தி பெட்டியோடு நின்றாள். நான் மூன்றாவது ஆளைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சமையலறை நிலைப்படியில் வந்தவருக்குத் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். தலையைக் குனிந்திருந்தாள், இது அவளுக்குப் புதிய சேதி இல்லை. என்னைத் தூக்கும் முன்னால் அனுமதி கேட்கிற அந்தப் பார்வை, என் மணிக்கட்டைப் பிடித்த கையின் நடுக்கம் எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சித்தி போனால் அவளும் ஓசூரில் இப்படித்தான் நிற்பாள் என்றும் விளங்கியது.

“நான் குட்டையாண்ட முள்ளங்கி தின்னேன்” என்றேன் பாயிலிருந்து. “சித்தி குடுக்கல. நானே எடுத்துத் தின்னேன். ரெண்டு.”

பெரியப்பா கிட்டே வந்து, எப்போது, கிணற்றில் கழுவினாயா, குட்டையில் கழுவினதா என்று கேட்டார். குட்டையில் கழுவினது, வாந்தி வந்ததற்கு முதல் நாள் என்று சொன்னேன். எது குட்டை என்று வாத்தியார் கேட்டார். பெரியப்பா பின்வாசலைக் கையால் காட்டினார். அங்கிருந்து பார்த்தாலே தெரியும். நான்கு எருமைகள் கழுத்தளவில் கிடந்தன, ஓரத்தில் சோப்பு நுரை மிதந்தது. வாத்தியார் எழுந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் பெரியப்பா சண்டைக்குப் போயிருப்பார்.

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். “அக்கா, அன்னிக்கு நான் அவனுக்குக் குடுத்த வெள்ளரிக்கா கெணத்துத் தண்ணில கழுவினது. அதுல பாதிய நானும் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆவல.” பெரியம்மாவின் எதிரில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இனி வீடு இரண்டாகப் போகிறது என்று நான் பயந்தேன். பெரியம்மா மெதுவாகச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். “தெரியும்டி” என்றார்கள்.

மீதியையும் அவர்களே சொன்னார்கள். “அன்னிக்குக் காலைல எங்கூட குட்டைக்கு வந்தான். தாகமா கீது, ஊட்டுக்குப் போலாம்னான். வேல முடியலன்னு நான்தான் கையால அள்ளிக் குடுத்தேன். குடிச்சான். யாராண்டயும் சொல்லல. சொன்னா அப்பறம் நான் எப்டிடி உசுரோட இருக்கறது?”

இதைப் படிக்கிற உங்களில் சிலர் இந்த இடத்தில் பெரியம்மாவைத் திட்டுவீர்கள். என்னால் முடியாது. தன் கையால் அள்ளிக் கொடுத்த தண்ணீர் என்று நினைத்தால் அந்த அம்மாளால் ஒரு நாள்கூட அடுப்பு மூட்டியிருக்க முடியாது. வெள்ளரிக்காய் என்று நினைத்தால் மூட்ட முடிந்தது. அதற்கு இன்னொருத்தி பதினோரு வருஷம் தலை குனிந்து நிற்க வேண்டியிருந்தது, அது அநியாயம்தான். ஆனால் நானும் அதையே செய்தவள். என் பொய்க்கு வயது ஒரு வாரம், அவர்களுடையதற்குப் பதினோரு வருஷம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வாரத்திலேயே அது என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும்.

அம்மா போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னித்தேன், மறந்தேன் என்றெல்லாம் பேசிக்கொள்ளவில்லை. அம்மா அழுதாள். அது துக்கத்து அழுகை இல்லை. தலைச்சுமையை இறக்கினவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்களே, அது கண் வழியாக வந்தது. பெரியம்மா அவள் முதுகில் கையை வைத்து, அங்கேயே வைத்திருந்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடிவிழும் என்று நினைத்த பயம்கூடப் போய்விட்டது. கடைசிவரை அந்த இரண்டு முள்ளங்கிக்காக என்னை யாரும் அடிக்கவில்லை.

பெரியப்பா டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் ஆண்களுக்கு அவ்வளவுதான். சித்தப்பா முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி மாமனாரைப் பார்த்து, வெயிலில் வந்திருக்கிறீர்கள், கை கால் கழுவிக்கொள்ளுங்கள் என்றார். மறுநாளிலிருந்து பம்புசெட் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பீப்பாய் வந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற காயை அதில்தான் கழுவினார்கள். செடிக்குத் தண்ணீர் குறைந்து அந்தக் கோடையில் ஒரு பாத்தி வெண்டை காய்ந்தது, பெரியப்பா அதற்காக வாயைத் திறக்கவில்லை. சித்தி எங்கேயும் போகவில்லை. இன்றைக்கும் நெமிலிச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறாள், போன் பண்ணினால் முதலில் இன்று என்ன காய் நறுக்கினாய் என்றுதான் கேட்பாள்.

அன்று மதியச் சமையலுக்கு நேரமாகிவிட்டது. சித்தி தன் அப்பா கொண்டுவந்த நூல்கோல் பையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். அவள் ஊரில் அதைத் தோல் சீவி, மெல்லிசாகச் சீவல் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து பச்சையாகவே தின்பார்கள். கேட்கவும் முடியாமல், பையை வைத்துவிட்டுப் போகவும் முடியாமல் நின்றாள். பெரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தார்கள். கொதித்ததும் இறக்கிச் சித்தியின் பக்கம் நகர்த்தினார்கள். “நல்லா ஆறட்டும். அப்பறமா கழுவு” என்றார்கள்.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்று பெண்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்குக் கஞ்சிதான், நியாயம் கேட்கிற நிலையில் நான் இல்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். பெரியம்மாவின் இலையில் நூல்கோல் அப்படியே இருந்தது. வைக்கச் சொன்னார்கள், தொடவில்லை. அவர்கள் அதைத் தொட இன்னும் இரண்டு கோடை ஆனது. அம்மா ஒரு சீவலை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள், யார் முகத்தையும் பார்க்காமல் வாயில் போட்டுக் கடித்தாள். கறுக் என்று கூடம் முழுக்கக் கேட்டது. அவளே திடுக்கிட்டு நிறுத்தினாள், அப்புறம் சிரித்துவிட்டு, இன்னொன்று எடுத்தாள், இன்னொன்று. அம்மா சாப்பிடுகிற சத்தத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.